பேலீஃப் பண்ணை வீடு: புகை வாசனையோட வந்தோம்

இங்கிலாந்து வெஸ்ட் சசெக்ஸ்ல இருக்கிற வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் மியூசியத்துக்கு இந்த ஒரு வீட்டுக்காகவே டிக்கெட் எடுக்கலாம். 15ஆம் நூற்றாண்டு வீடு, கென்ட்ல இருந்துச்சு, 1960கள்ல அங்க நீர்த்தேக்கம் வந்தப்போ அப்படியே கழட்டி கொண்டுவந்து இங்க மாட்டிட்டாங்க. சட்டம் முழுக்க ஓக் மரம், மூட்டு மூட்டா பொருத்தி மர முளை அடிச்சது, அதனாலதான் பிரிக்க முடிஞ்சுது போல. சுவர் குச்சி பின்னி மண்ணு பூசினது.

நடு ஹால்ல மச்சே கிடையாது, கூரை வரைக்கும் ஒரே உயரம், புகைபோக்கியும் இல்ல, தரையிலயே தீ மூட்டுறாங்க, புகை ஓட்டு இடுக்கு வழியாதான் போகணும், அண்ணாந்து பாத்தா மேல கரியா கெடக்கு. ஜன்னல்ல கண்ணாடிக்கு பதிலா வெறும் மரக்கம்பிதான், குளிர் சும்மா பிச்சுடுச்சு. ஸ்வெட்டர் கட்டாயம். என் ஜாக்கெட்ல புகை வாசனை ரெண்டு நாள் போகல, ஆனாலும் அஞ்சு ஸ்டார்.