25 திசு ஸ்லைடு பெட்டி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மனிதத் திசுக்கள், 25 நிரந்தர ஸ்லைடுகள் என்று மேலே ஒட்டிய மரப்பெட்டி. ஆன்லைனில் வாங்கியது. விலை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, கூரியர் தனி. நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். லேபில் இருந்த பழைய ஸ்லைடுகளில் இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் வெளுத்து, எலும்பும் ஒன்றுதான், ஈரலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டதால் இதை வாங்க வேண்டி வந்தது. இதே பெட்டி வேறு வேறு பெயரில் நாலைந்து இடத்தில் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். அதனால் விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி ஸ்லைடுகள் நன்றாக இருக்கின்றன. கால்வாசி காசுக்குக் கேடு. ஒன்று சுத்தப் பொய்.

அதற்கு முன் 'மனித' என்ற சொல்லைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலானவற்றில் 'பாலூட்டி' என்றுதான் போட்டிருக்கிறது. எலியோ முயலோ ஆடோ இருக்கலாம். பள்ளிக்கூடப் பாடத்துக்கு அதனால் நஷ்டமில்லை. முயலின் சிறுநீரகக் குழலும் நம்முடையதும் 40 எக்ஸில், அதாவது 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், பிள்ளைகளுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

பெட்டியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது சிறுகுடல் குறுக்குவெட்டு. 4 எக்ஸில் வைத்தால் உட்பக்கம் விரல்போலக் குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். 10 எக்ஸுக்குப் போனால் அவற்றின் ஓரம் முழுக்கத் தூண் செல்கள் நெருக்கமாக இருக்கும், நியூக்ளியஸ்கள் எல்லாம் அடிப்பக்கம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில். உணவை உறிஞ்சும் வேலை இவற்றுடையது. நடுநடுவே வெள்ளைக் குமிழாகத் தெரிபவை கோப்பைச் செல்கள். உள்ளே இருக்கும் சளி இந்தச் சாயத்தைச் சரியாக வாங்காது, அதனால் வெறுமையாகத் தெரியும். சொல்லித் தராவிட்டால் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் ஓட்டை என்றே எழுதிவிடுவார்கள். உறிஞ்சியின் உள்ளே தளர்வான இணைப்புத் திசு, அதில் மெல்லிய இரத்தக் குழாய்கள். எபிதீலியத்துக்கென்று, அதாவது மேலே போர்த்தியிருக்கும் இந்தச் செல் அடுக்குக்கென்று, சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது, அதற்கு வேண்டியது எல்லாம் அடியில் இருக்கும் இந்தத் திசுவிலிருந்துதான் கசிந்து வர வேண்டும். போர்டில் எத்தனை முறை எழுதினாலும் ஏறாத இந்த விஷயம் இங்கே கண்ணாலேயே தெரிகிறது.

அப்படியே வெளிப்பக்கம் நகர்ந்தால் மென்தசை, இரண்டு அடுக்காக. உள்ளடுக்கு குடலைச் சுற்றி வளைந்து ஓடுகிறது, வெளியடுக்கு நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே வெட்டியிருப்பதால் உள்ளடுக்குச் செல்கள் கதிர் வடிவில் நீளமாகவும், வெளியடுக்குச் செல்கள் புள்ளி புள்ளியாகவும் தெரியும். ஒரே செல், வெட்டிய திசை மட்டும் வேறு. உள்ளது சுருங்கினால் குடல் குறுகும், வெளியே இருப்பது சுருங்கினால் நீளம் குறையும். இரண்டும் சேர்ந்துதான் சாப்பாட்டைத் தள்ளுகின்றன. இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் 40 எக்ஸில் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். வெளிறிய பெரிய செல்கள் சிறு கொத்தாகக் கிடக்கும், உருண்டை நியூக்ளியஸ், அதற்குள் அழுத்தமாக ஒரு புள்ளி. நரம்பு செல்கள் அவை. குடலசைவை நடத்துவது இவைதான். ஆக எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு நான்கும் விரல் நகத்தளவு வெட்டுக்குள் இருக்கின்றன. 25-க்குப் பதில் இந்த ஒன்றை மட்டும் விற்றால்கூட வாங்கலாம்.

நான்கு என்று இன்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா 1801-ல் உடலில் 21 வகைத் திசுக்கள் என்று கணக்குச் சொன்னார், அதுவும் மைக்ரோஸ்கோப்பை நம்பாமல். ஊறவைத்தும் வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் போட்டும் பிரித்துப் பார்த்தார். மறுவருடமே 30 வயதில் இறந்துபோனார். ஸ்லைடு சரியில்லை என்று நான் சலித்துக்கொள்ளும்போது அவர் ஞாபகம் வரும்.

அடுத்து மூச்சுக்குழல். இதுவும் நல்ல ஸ்லைடு. உள்விளிம்பில் குறுயிழைகள் 40 எக்ஸில் மெல்லிய ரோம வரிசையாகத் தெரிகின்றன. மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்டென்ஸர் டயாபிரத்தைப் பாதி மூடினால்தான் பிடிபடும், விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கும் பல ரிவ்யூக்களுக்கு இதுதான் பதில். தூசியைப் பிடித்த சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருவது இந்த இழைகள். கீழே நீல ஊதா நிறத்தில் குருத்தெலும்பு, அதில் செல்கள் இரண்டும் நான்குமாகக் குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வளையம் முழுசாக இல்லை, பின்பக்கம் திறந்திருக்கிறது, அந்த இடைவெளியில் மென்தசை. பின்னால்தான் உணவுக்குழல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏன் திறந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

சிறுநீரகம் பரவாயில்லை. கனசதுர எபிதீலியத்துக்குத் தனியாக ஸ்லைடு தேட வேண்டாம், இந்தக் குழல்களின் சுவரே அதுதான். இரத்தம் வடிகட்டப்படும் இடத்தைச் சுற்றியிருக்கும் பௌமன் கிண்ணத்தின் வெளிச்சுவரில் தட்டை எபிதீலியமும் கிடைக்கும்.

தட்டை எபிதீலியம் என்று தனியாக ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறார்கள், அதை வீண் கணக்கில்தான் எழுத வேண்டும். பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை லேசாக வழித்து, ஸ்லைடில் தேய்த்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் இதைவிட அழகாக வரும். தன் வாயிலிருந்து வந்த செல் என்றால் பிள்ளைகள் இன்னும் ஆசையாகப் பார்ப்பார்கள்.

இணைப்புத் திசு ஸ்லைடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம், தரமும் ஏற்ற இறக்கம். கொழுப்புத் திசுவில் வெற்று வட்டங்கள்தான் தெரியும். அது ஸ்லைடின் குறையில்லை. தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், மிச்சம் இருப்பது செல்லின் ஓரமும் ஒதுங்கிப்போன நியூக்ளியஸும்தான். தசைநாண் நன்றாக இருக்கிறது: கொல்லாஜன் இழைகள் ஒரே திசையில், இடையில் ஒல்லியான நியூக்ளியஸ்கள் வரிசையாக. தசை இழுப்பதை எலும்புக்குக் கொண்டுபோக வேண்டியது, இழுக்கும் திசையில் இழை போகாமல் வேறெங்கே போகும்? எலும்பையும் எலும்பையும் கட்டும் நாருக்கென்று இன்னொரு ஸ்லைடு, அது பார்வைக்கு அச்சு அசல் இதேதான். ஒன்று போதும்.

எலும்பு, தேய்த்து மெலிதாக்கிய உலர் எலும்பு. சாயம் இல்லை. நடுவில் இரத்தக் குழாய் போகும் ஹாவர்சியன் கால்வாய், அதைச் சுற்றி வெட்டிய மரத்தில் இருப்பதுபோல வளையம் வளையமாக அடுக்குகள், அடுக்குகளுக்கு இடையே கறுப்புக் கறுப்பாகக் குழிகள், குழிகளிலிருந்து மயிரிழைக் கால்வாய்கள். செல் எதுவும் மிஞ்சியிருக்காது, கறுப்பாகத் தெரிவது உள்ளே அடைபட்ட காற்று. கெட்டியான சுண்ணாம்பு உப்புக்குள் சிறைப்பட்ட செல்லுக்கு உணவு எந்த வழியாகப் போகும் என்று வகுப்பில் கேட்டுவிட்டு இந்த ஸ்லைடை வைத்தால் பதில் அந்த இழைகளில் இருக்கும். குருத்தெலும்பில் இப்படி வழியும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. மூட்டில் அது தேய்ந்தால் ஆறுவதற்கு அவ்வளவு சிரமப்படுவது அதனால்தான்.

இனி அந்தப் பொய். 'மனித இரத்தம்' என்று ஒட்டிய ஸ்லைடு. மைக்ரோஸ்கோப் வரிசையில் கடைசியாக நின்ற பெண் பார்த்துவிட்டு, "மிஸ், எல்லா சிவப்பணுவிலயும் நியூக்ளியஸ் இருக்கு மிஸ்" என்றாள். நானும் பார்த்தேன். நீள்வட்ட செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நியூக்ளியஸ். பாலூட்டியின் சிவப்பணுவில் நியூக்ளியஸ் இருக்காது, எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வருமுன்பே அதை உதறிவிடும். ஒட்டகத்துக்குச் சிவப்பணு நீள்வட்டம்தான், அதற்கும் நியூக்ளியஸ் கிடையாது. என் கண்ணுக்கு இது தவளை. லேபிள் மாறியதாகக்கூட இருக்கலாம், ஆனால் மனித இரத்தம் என்று வேறொரு ஸ்லைடு பெட்டியில் இல்லை. நான் இப்போது லேபிளை மறைத்து இதை ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய செய்முறைக் கேள்வியாக, வைக்கிறேன், பிள்ளைகளைத் திணறடிக்க உருப்படியாக இருக்கிறது. வகுப்புக்கு வேண்டிய இரத்தப் பூச்சை என் விரலில் லான்செட்டால் குத்தி, லீஷ்மன் சாயம் போட்டு நானே செய்துகொண்டேன். பிள்ளைகள் விரலில் குத்த வேண்டாம், அது வேறு வம்பு.

தசை மூன்றில் எலும்புத் தசையின் நீள்வெட்டு அருமை. குறுக்கு வரிகள் தெளிவு, ஒரே இழையின் விளிம்பில் பல நியூக்ளியஸ்கள் ஒதுங்கியிருப்பதும் தெளிவு. மென்தசை சிறுகுடலிலேயே வந்துவிட்டது. இதயத் தசையில்தான் ஏமாற்றம். இழைகள் கிளைவிட்டுச் சேர்வது தெரிகிறது, ஆனால் செல்லும் செல்லும் கோத்துக்கொள்ளும் இன்டர்கேலேட்டட் டிஸ்க், இதயம் முழுக்க ஒரே மூச்சில் துடிக்க உதவும் அந்தத் தட்டு, கிட்டத்தட்டக் காணவில்லை. ஹெமட்டாக்சிலின், இயோசின் என்ற வழக்கமான சாயத்தில் அது மங்கலாகத்தான் வரும். இரும்பு ஹெமட்டாக்சிலின் போட்டது கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

நரம்புக்கு இரண்டு. தண்டுவடப் பூச்சில் பெரிய நட்சத்திர வடிவ நியூரான்கள், சுற்றிலும் பொடிப்பொடியாக இருப்பவை அவற்றைத் தாங்கும் நியூரோகிளியா செல்களின் நியூக்ளியஸ்கள். நன்று. நரம்பின் குறுக்குவெட்டு ஸ்லைடில் மட்டும் மேலே ஒட்டிய பசை மேடாக உறைந்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. 40 எக்ஸ் லென்ஸ் ஃபோகஸ் ஆகுமுன்பே கண்ணாடியில் இடிக்கிறது. ஈரல் ஸ்லைடிலும் இதே கோளாறு, கூடவே வெட்டும் தடிமன். ஒன்றன்மேல் ஒன்றாகச் செல் அடுக்கித் தெரிகிறது.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் நல்ல மரம், கொக்கி சரியாக விழுகிறது. லேபிள்கள் வெறும் காகிதம், மழைக்காலத்தில் ஓரம் கிளம்பிவிட்டது. வந்தவுடன் டைமண்ட் பென்சிலால் கண்ணாடியிலேயே எண் கீறிவையுங்கள். பெட்டியைப் படுக்கப் போடாமல் புத்தகம்போல நிமிர்த்தி வைத்தால் உள்ளே ஸ்லைடுகள் தட்டையாகப் படுத்திருக்கும், வெட்டு நகராது. வெயில் படக் கூடாது, பட்டால் இயோசின் போச்சு.

வாங்கியதும் எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லையென்றால் இரண்டை மட்டும் பாருங்கள். இரத்தத்தில் நியூக்ளியஸ் இருக்கிறதா, ஈரல் 40 எக்ஸில் ஃபோகஸ் ஆகிறதா. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். எனக்கு வந்த பதில், பணம் திருப்பித் தர முடியாது, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம் என்பது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அதில் ஒன்றரை சிறுகுடலுக்கும் மூச்சுக்குழலுக்கும். அடுத்த ஆர்டர் போட்டால் தனித்தனியாகத்தான்: சிறுகுடல் இன்னும் இரண்டு, நேரான கவர்ஸ்லிப்போடு நரம்பு ஒன்று, டிஸ்க் தெரியும் இதயத் தசை ஒன்று.