மீன்வலை நைலானும் பிபி கயிறும்: மலேயிக் பிபியை வாங்கிப் போடுவதா, மெஷினிலேயே ஏற்றுவதா?

காசிமேட்டிலிருந்து எங்களுக்கு வரும் பழைய வலை மூட்டைகளில் வலை நைலான் 6, அதில் கோத்த கயிறு பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். ஆள் வைத்துப் பிரித்தாலும் கயிறு முழுசாக விலகாது. திருமுடிவாக்கத்தில் எங்கள் பட்டறையில் முதலில் இரண்டையும் சும்மா கலந்து மெஷினில் உருக்கி ஓட்டி, ஒரு பட்டை வார்த்துப் பார்த்தோம். கையால் மடக்கியதுமே ஒடிந்தது. ஒடிந்த இடம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது.

இரண்டையும் பிடித்து வைக்க நடுவில் ஒன்று வேண்டும். பிபியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் மலேயிக் அன்ஹைட்ரைடு (சுருக்கமாக மலேயிக்) என்ற வேதிப்பொருளை ஏற்றிவிட்டால், அது நைலான் சங்கிலியின் நுனியில் உள்ள அமீன் என்ற வேதித்தொகுதியோடு வினைபுரிந்து பிணைந்துகொள்ளும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷினுக்குள் உருகி ஓடும் அந்த ஓரிரு நிமிடமே இதற்குப் போதும். பிபி துளிகள் பொடியாகும், திரும்பக் கூடிப் பெரிதாகாது.

இதற்கு இரண்டு வழி. மலேயிக் ஏற்றிய பிபி குருணையை வாங்கி 3 முதல் 5 சதவீதம் போடலாம். இல்லையென்றால் மலேயிக்கையும், அதைப் பிபியில் ஏற வைக்கும் பெராக்சைடையும் தனியாக வாங்கி, நைலான், பிபியோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். மூலப்பொருள் செலவு இரண்டாவதில் குறைவு. அந்த ஆசையில்தான் நாங்களும் அதில் தொடங்கினோம். இப்போது குருணைக்கு மாறிவிட்டோம்.

ஒரே ஓட்டத்தில் செய்வதில் சிக்கல்கள் உண்டு. மலேயிக் 202 டிகிரியில் கொதிக்கும், நைலான் உருகுவதே 220-ல். அதனால் மெஷினில் ஆவி வெளியேறும் வென்ட்டில் புகை வரும், கண் எரியும், நல்ல வேக்குவம் வேண்டும். பெராக்சைடு கொஞ்சம் கூடினால் பிபி சங்கிலி வெட்டுப்பட்டு எம்எஃப்ஐ, அதாவது உருகியது ஓடும் வேகம், ஏறிவிடும். இதெல்லாம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்களை மாற வைத்தது வேறு விஷயம். ஒரு நைலான் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் கண்ணிகள் நூற்றுக்கும் மேல் இருக்கும், ஆனால் அமீன் நுனி ஒன்றுதான். பிபியில் ஏறாமல் மிச்சமிருக்கும் மலேயிக் சின்ன மூலக்கூறு, உருகலில் வேகமாக நகரும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அது முதலில் போய் அமீன் நுனியில் உட்கார்ந்துவிடும். பிபியோடு வரவேண்டிய மலேயிக் வந்து சேரும்போது இடம் இருக்காது. மலேயிக் பத்தவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினோம். பட்டை இன்னும் மோசமாக ஒடிந்தது. கூட்டக் கூட்ட நுனிகளை நாமே அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிய எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. குருணையில் மலேயிக் ஏற்கெனவே பிபியில் ஏறியிருக்கும், தனியாகத் திரிவது கொஞ்சம்தான். அதனால் இன்றைய லாட்டும் நாளைய லாட்டும் ஒரே மாதிரி வருகின்றன. வாடிக்கையாளர் பார்ப்பதும் அதைத்தான்.

நீளமான ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) எக்ஸ்ட்ரூடர் இருந்தால் கதை மாறலாம். முன்பாதியில் பிபியில் மலேயிக்கை ஏற்றி, வேக்குவத்தில் மிச்சத்தை உறிஞ்சி, அப்புறம் பக்கவாட்டில் நைலானை ஊட்டினால் அமீன் நுனிக்காக நான் சொன்ன சண்டையே வராது. மாதம் பல டன் ஓட்டுபவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம். எங்கள் மெஷின் குட்டை, நான் அப்படி ஓட்டியதில்லை. பிபி குருணைக்குப் பதிலாக மலேயிக் ஏற்றிய எஸ்இபிஎஸ் என்ற ரப்பர் வகையை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பட்டை நன்றாக வளைந்தது, ஆனால் விறைப்பு போய்விட்டது, விலையும் கூட. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

எந்த வழியானாலும் நைலானை உலர்த்தாமல் ஓட்டாதீர்கள். ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் உலர்த்திய வலைத்துண்டைத் திறந்து வைத்தால் மத்தியானத்துக்குள் ஈரம் ஏறியிருக்கும். மலேயிக் குருணைக்கும் ஈரம் ஆகாது, மூட்டையைப் பிரித்தால் வாயைக் கட்டி வையுங்கள். வாங்கும்போது மலேயிக் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். 1 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எங்களுக்குச் சரியாக வருகிறது. முதல் லாட்டில் வார்த்த பட்டையைக் கிண்டியில் உள்ள சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் இம்பாக்ட் டெஸ்டுக்கு (அடி தாங்கும் சோதனைக்கு) கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு தினசரிக்குக் கையால் மடக்கிப் பார்ப்பதே போதும். நேற்று ஓட்டிய பட்டை மடித்த இடத்தில் வெளுத்தது, ஒடியவில்லை.