நைஜீரியாவில் ஆசிரியர் வேலை: குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

லாகோஸ், கானோ, அபுஜா பள்ளிகளுக்கு இங்கிருந்து ஆள் பிடிக்கும் தரகர்களில் பலர் சம்பளத் தொகையில் கை வைப்பதில்லை. வைத்தால் முதல் மாதமே குட்டு வெளிப்பட்டுவிடும். ஏமாற்று வேலை நடப்பது "குடும்பத்தையும் கூட்டிச் செல்லலாம்" என்ற ஒற்றை வரியில்தான். விசா, பிள்ளைகளின் படிப்பு, வீடு, மருத்துவம், காவல், திரும்பிவர டிக்கெட் எல்லாம் அந்த வரிக்குள் அடக்கம் என்று வாயால் சொல்வார்கள். எழுத்தில் ஒன்றுமே இருக்காது.

முதலில் விசா. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க, அந்தப் பள்ளியிடம் நைஜீரிய உள்துறை அமைச்சகம் தந்த 'எக்ஸ்பேட்ரியேட் கோட்டா' இருக்க வேண்டும். இத்தனை பதவிக்கு இத்தனை பேர் என்று கணக்காகத் தருவார்கள். கோட்டா இருந்தால்தான் எஸ்.டி.ஆர். என்ற வேலை விசா கிடைக்கும். அதில் போய் இறங்கி 90 நாளுக்குள் முறைப்படுத்தி, 'செர்பேக்' என்ற குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும். மனைவி, பிள்ளைகள் பெயரும் அந்த வழியில்தான் சேரும்.

கோட்டா தீர்ந்துபோன பள்ளி, ஆசிரியரை பிசினஸ் விசாவிலோ டி.டபிள்யூ.பி. என்ற தற்காலிக வேலை அனுமதியிலோ இறக்கிவிடும். இயந்திரம் பொருத்தவும் பழுது பார்க்கவும் சில வாரம் வந்து போகிறவர்களுக்கானது டி.டபிள்யூ.பி. அதைக் காட்டிக் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. "வந்த பிறகு மாத்திக்கலாம் சார்" என்பார்கள். அதை நம்பி விசிட் விசாவில் பிள்ளைகளை அழைத்துப் போனால், அந்த விசா முடிந்த மறுநாளிலிருந்து மொத்தக் குடும்பமும் சட்டவிரோதம். அபராதம் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கோட்டா ஒப்புதல் கடிதத்தின் நகல், அதில் உங்கள் பதவியின் பெயர், காலாவதித் தேதி. தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

"உங்க மிஸ்ஸஸுக்கும் நம்ம ஸ்கூல்லயே வேலை" என்பது அடுத்த தூண்டில். உங்களைச் சார்ந்த குடும்பத்தவர் என்ற அட்டையில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அவருக்கும் தனிக் கோட்டா வேண்டும். இல்லாமல் பாடம் எடுத்தால் சம்பளம் கையில் ரொக்கமாக வரும். நின்றுபோனால் புகார் கொடுக்க வாய் இருக்காது. பள்ளிக்கு வசதியே அதுதான்.

இதையெல்லாம் இங்கே யாருமே சரிபார்ப்பதில்லையா? இல்லை. பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு, வேலைக்காக வெளிநாடு போக இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அனுமதி கட்டாயமான 18 நாடுகளில் நைஜீரியாவும் கிடையாது. படித்தவர்களுக்கு அரசு தந்திருக்கும் இந்தச் சலுகையால், ஒரு ஆசிரியரின் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்காமலே விமானம் ஏறிவிடலாம். தரகருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் நீங்களே பாருங்கள். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீது கட்டாயம். தேதி போடாத காசோலை, அசல் பட்டச் சான்றிதழ் இரண்டையும் பிணையாகக் கேட்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

சம்பளம் எந்த நாணயத்தில் என்பதையும் பாருங்கள். "1,500 டாலருக்கு நிகரான நைரா" (நைரா நைஜீரிய நாணயம்) என்று போட்டு, மாற்று விகிதம் எந்தத் தேதியுடையது என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். 2023 ஜூனில் நைஜீரிய மத்திய வங்கி நாணய மாற்றுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கு முன் டாலருக்குச் சுமார் 470 நைரா. அன்று கையெழுத்தானவருக்கு மாதம் 7,05,000 நைரா. 2024 இறுதியில் டாலர் 1,500 நைராவைத் தாண்டியபோது, அதே 7,05,000 நைராவின் மதிப்பு 470 டாலருக்கும் கீழே. பள்ளி ஒரு நைராகூடக் குறைக்கவில்லை! "சம்பளம் வழங்கும் நாளின் விகிதப்படி" என்ற சொற்கள் வேண்டும். ஊருக்கு அனுப்பும் பங்கை டாலராகவே இந்திய வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

காவல் விஷயத்தில் "கேட்டட் எஸ்டேட், 24 மணி நேர செக்யூரிட்டி" என்பதற்கு அர்த்தமே இல்லை. வாசலில் கம்போடு ஒருவர் நின்றாலும் அது செக்யூரிட்டிதான். வடக்கில்தான் ஆபத்து, தெற்கில் பயமில்லை என்பதும் தரகர்களின் பாட்டு. 2024 ஜனவரி இறுதியில் தென்மேற்கே எக்கிட்டி மாநிலத்தில் பள்ளிப் பேருந்தையே மறித்துப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கடத்திப் போனார்கள். ஆகவே குடியிருப்பு பள்ளி வளாகத்துக்குள்ளேயா, வெளியே என்றால் எத்தனை கிலோமீட்டர், பிள்ளைகளின் வண்டியோடு ஆயுதக் காவலர் வருகிறாரா, அவருக்குப் பணம் யார் தருகிறார் என்று கேளுங்கள். ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். திருடனுக்குப் பயந்து எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டால், ஜெனரேட்டர் தீப்பிடிக்கும் இரவில் வெளியேற வழியிருக்காது. விமான நிலையத்தில் பெயர்ப் பலகையை மட்டும் நம்பி வண்டி ஏறாதீர்கள். ஓட்டுநரின் படமும் வண்டி எண்ணும் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் விமானத்தில்தான் போக வேண்டும், அந்தச் செலவு பள்ளியுடையது.

பிள்ளைகள் ஒன்பதாவதை நெருங்கினால் இன்னும் கவனம். "சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்" வேறு, அந்த வாரியத்தின் இணைப்பு பெற்ற பள்ளி வேறு. ஒன்பதிலும் பதினொன்றிலும் பதிவாகாத பிள்ளை பொதுத்தேர்வு எழுதுவது பெரும்பாடு. இணைப்பு எண்ணை வாரியத் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடமாட்டார்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற தரகரின் பேச்சைக் கேட்டு அந்தக் குழந்தையோடு கிளம்பாதீர்கள்.

ஏற்கெனவே அங்கே மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: செர்பேக் வேலைக்கென்று பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால், வாங்கிக்கொண்டதற்கும் திருப்பித் தரும் தேதிக்கும் கையெழுத்து வாங்குங்கள். இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, பள்ளி பூட்டிவைக்க முடியாது. தராவிட்டால் அபுஜாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு (ஹை கமிஷன்) எழுதி, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்ற புகார்த் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். ஒப்பந்தம், விசா பக்கம், சம்பளச் சீட்டு மூன்றின் படங்களும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். ஃபோனைப் பறிகொடுத்தாலும் அவர் இங்கிருந்தே புகார் கொடுக்கலாம்.