உப்புக்கல் ஓடு பதிக்கப் போகிறீர்களா? என் சுவர் கரைந்த கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

சுவரில் உப்பு பூத்துவிட்டால் வீட்டுக்காரனுக்குத் தூக்கம் போய்விடும். சுரண்டுவான், பட்டி பார்ப்பான், மறுபடி பெயிண்ட் அடிப்பான், அடுத்த மழைக்கு அது திரும்ப வந்து நிற்கும். நான் நேர்மாறு. கைக்காசைப் போட்டு உப்பை வாங்கி, ஒரு குறையும் இல்லாத சுவரில் ஒட்டவைத்தவன். இளஞ்சிவப்பு நிறத்தில் 'இமாலயன் சால்ட் டைல்ஸ்', ஓரங்களில் எல்.இ.டி. பட்டி, விளக்கைப் போட்டால் தணல் மாதிரி ஒளிரும் சுவர். ஏழு மாதம்கூட நிற்கவில்லை.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் இன்னும் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் என்னிடம் பேசிய பேச்சை உங்களிடமும் யாராவது பேசத்தான் போகிறார்கள். அந்தப் பேச்சும் அதற்குப் பின்னால் இருந்த உண்மையும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் பெயர். 'இமயமலையில் வெட்டி எடுத்தது சார்' என்றார் கடைக்காரர். இந்த உப்பில் பெரும்பகுதி வருவது பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து. அந்த மலைத்தொடருக்குப் பெயரே உப்பு மலைத்தொடர். இமயத்துக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. கல்லில் 95 சதவீதத்துக்கு மேல் சாதாரண சோடியம் குளோரைடுதான். அந்த நிறம் இரும்பு ஆக்சைடு கொஞ்சம் கலந்திருப்பதால் வருவது. பெயர் விஷயத்தை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், உலகம் முழுக்க அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் ஒரு பேச்சின் முதல் வரியே இப்படி என்றால் அடுத்த வரிகளைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது மருத்துவம். என் மகளுக்கு இளைப்பு உண்டு. எங்கள் பேச்சிலிருந்து அதை அவர் பிடித்துக்கொண்டார். எதிர்மின் அயனி வெளிவிடும், தூசியை இழுத்துக்கொள்ளும், மூன்று மாதத்தில் பம்ப் (இன்ஹேலர்) தேவைப்படாது என்றார். மகள் பெயரைச் சொன்னால் எந்த அப்பனும் கொஞ்சம் மடையனாகிவிடுவான்; நானும் ஆனேன். பிறகுதான் விசாரித்தேன். உப்புப் படிகம் அறை வெப்பத்தில் காற்றுக்குள் அயனியை அனுப்புவதில்லை. அது உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஓரத்தில் எரியும் எல்.இ.டி. அதை என்ன செய்துவிடும்? போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே நோயாளிகளை உட்காரவைத்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள் என்பது உண்மை. இப்போது 'உப்பு அறை' என்று நடத்துகிறவர்கள் உப்பை இயந்திரத்தில் மாவாக அரைத்து ஊதிவிடுகிறார்கள். அதன் பலனே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அங்கேயும் சுவரில் இருக்கும் கல் வெறும் அலங்காரம்தான். மகளின் பம்ப் எப்போதும்போல அவள் பையிலேயே இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தவில்லை, அந்தமட்டுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

என்னை வீழ்த்தியது மூன்றாவது வரி. 'கரையாதா?' என்று கேட்டேன். சிரித்தார். 'ஐம்பது கோடி வருஷமா கரையாதது உங்க வீட்லயா சார் கரையப்போகுது?'

நல்ல வரி. இன்றைக்கும் அதை ரசிக்கத்தான் செய்கிறேன். வயதுக் கணக்கும் ஏறக்குறைய சரி. ஆனால் அந்த ஐம்பது கோடி வருடமும் அது பாறை அடுக்குகளுக்குக் கீழே, தண்ணீரும் காற்றும் தொடாமல் கிடந்தது. என் வீட்டுச் சுவருக்குப் பின்பக்கம் குளியலறை. அளவெடுக்க வந்தபோது அந்தக் குளியலறைக்குள் போய் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தவர் அவர்தான்.

அம்மா மட்டும், 'உப்பு ஜாடிக்கே மூடி போட்டு வைக்கிறோம், இதுக்கு யாருடா மூடி போடுவா?' என்றாள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவேண்டியதில்லை. ஜாடி உப்பு மழை நாளில் நீர்த்துப்போவது இதனால்தான். இந்த எண் அம்மாவுக்குத் தெரியாது, ஜாடி தெரியும். நான் அவளுக்கு அயனியைப் பற்றி விளக்கினேன்.

இனி பதித்த நாள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேலை கெட்டது அன்றைக்குத்தான்.

கடையில் எனக்குக் காட்டிய மாதிரிச் சுவர், அலுமினியச் சட்டத்தில் ஓடுகளைப் பொருத்தி, பின்னால் இடைவெளி விட்டு விளக்கு வைத்தது. வீட்டுக்கு வந்தது சட்டம் இல்லை, ஒரு மேஸ்திரியும் இரண்டு மூட்டை டைல் பசையும்தான். சிமென்ட் கலந்த, தண்ணீரில் குழைக்கிற சாதாரணப் பசை. 'சட்டம் வைத்தால் இடம் அடைக்கும், இது அதைவிட உறுதி' என்று கடைக்காரர் போனில் சொன்னார். எட்டடி உயரம், நாலடி அகலம். 20க்கு 10 சென்டிமீட்டர் ஓடு, இரண்டரை சென்டிமீட்டர் கனம், சுமார் 150 ஓடுகள். ஒன்று ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 160 கிலோவைத் தாண்டும். இந்தக் கணக்கை அவர் போடவில்லை. எல்லாம் இடிந்த பிறகு நான் போட்டேன்.

மேஸ்திரி நல்ல மனிதர். இந்தக் கல்லை அவர் அதற்குமுன் கையில் தொட்டதில்லை. ஓர ஓடுகளை அறுக்கத் தண்ணீர் விடும் கட்டரைப் போட்டார். பால் மாதிரி வெள்ளையாக வழிந்தது. பீங்கான் ஓடு அறுத்தாலும் அப்படித்தானே வழியும் என்று நானும் நின்று பார்த்தேன். ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். 100 மில்லி தண்ணீர் 36 கிராம் உப்பைக் கரைக்கும். அறுத்த ஓரங்கள் மழுங்கி, சப்பிய மிட்டாய் மாதிரி ஆகிவிட்டன. 'சார், இது கரையுதே' என்று அவரே சொன்னார். கடைக்குப் போன் போட்டோம். 'உலர அறுக்கச் சொல்லுங்க, மேலே சீலர் அடிச்சா எல்லாம் சரியாயிடும்' என்றார்கள். அறுப்பது உலரவாயிற்று. ஆனால் பசையில் தண்ணீர், இடுக்கில் அப்பிய கிரவுட்டில் தண்ணீர், கடைசியில் முகப்பைத் துடைத்தது ஈர ஸ்பாஞ்சில். ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் ஈரத்தை வைத்துப் பூட்டி, முகத்தில் சீலர் அடித்து மூடினோம். ஈரம் எங்கே போகும்?

அந்தச் சீலரைப் பற்றி ஒரு கேள்வியை அன்றே கேட்டிருக்கலாம். முகப்பு முழுக்கப் பிளாஸ்டிக் போல மூடிவிட்டால் இந்தக் கல் எப்படிக் காற்றைச் சுத்தம் செய்யும்? மூடாவிட்டால் எப்படிக் கரையாமல் நிற்கும்? இரண்டில் ஒன்றைத்தான் விற்க முடியும். எனக்கு இரண்டையும் விற்றார்கள்.

முதல் நாள் மாலை சுவர் உண்மையிலேயே அழகாக இருந்தது. கடைக்காரர் நேரில் வந்து விளக்கைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம் காலையில் அடி வரிசையில் வியர்வை மாதிரி முத்து முத்தாக நீர். இரவு ஏ.சி. ஓடும்போது உலர்ந்திருக்கும், அணைத்ததும் கசியும். கடைக்குச் சொன்னேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: 'வீட்ல இருக்கிற கெட்ட காத்த இழுத்து வெளிய தள்ளுது சார். வேலை செய்யுதுன்னு அர்த்தம்.' நான் நிம்மதியாகப் போனை வைத்தேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

மழைக்காலம் வந்தது. மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். விற்றவர் தப்பிவிட்டார், மழை எனக்குப் பெய்தது. சீலர் தோல் உரிவதுபோல் உரிந்தது. ஓட்டுக்கு ஓடு இடைவெளி அகலமாகி, கிரவுட் மட்டும் வரம்பு மாதிரித் துருத்தி நின்றது. தரையில் வெள்ளைக் கோடுகள். பக்கத்தில் இருந்த சுவிட்ச் பெட்டியின் திருகுகள் துருப்பிடித்துப் பழுப்பாக வடிந்தன. ஒருநாள் விடியற்காலையில் வீட்டு மின்சாரம் முழுக்க டிரிப். வந்த எலெக்ட்ரீசியன் தம்பி பெட்டியைத் திறந்தவுடன், 'உள்ளே உப்புத்தண்ணி நிக்குதுண்ணே, கசிவு மின்சாரத்துக்கு டிரிப் ஆகிற சுவிட்ச் இருந்ததால பொழைச்சீங்க' என்றான். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். சின்ன விளக்குதானே என்று இதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 80,000 உப்புக்கல் விளக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதால்.

நாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேவ்ரா உப்பைக் கண்டுபிடித்தது அலெக்சாந்தர் படையின் குதிரைகள் என்று ஒரு கதை உண்டு. குதிரைகள் பாறையை நக்கியதைப் பார்த்துத்தான் ஆட்களுக்குத் தெரிந்ததாம். எங்கள் நாய்க்கும் அதே ஆராய்ச்சி. கீழ் இரண்டு வரிசையை நக்கியே பளபளப்பாக்கி வைத்திருந்தது. வாந்தி, தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. கால்நடை மருத்துவர், அதிக உப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கம், வலிப்பு, உயிராபத்து வரை கொண்டுபோகும் என்றார். அன்று மாலையே சோபாவை நகர்த்தித் தடுப்பு போட்டேன்.

ஏழாம் மாதம் ஒரு நள்ளிரவில் மேல் வரிசையிலிருந்து இரண்டு ஓடுகள் விழுந்தன. கீழே யாரும் இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் பிரித்தோம்.

இப்போது கடையின் குரல் மாறிவிட்டது. ஜன்னலைத் திறந்தீர்களா, குளியலறையில் வெந்நீர் போட்டீர்களா, மேஸ்திரி வேலை சரியில்லை. மேஸ்திரியை அனுப்பியதே அவர்கள். உத்தரவாதத் தாளை எடுத்துக் காட்டினேன். அதிலேயே பொடி எழுத்தில் 'உலர்ந்த இடங்களுக்கு மட்டும்', 'இயற்கையான மாற்றங்கள் குறைபாடு ஆகா' என்று இரண்டு வரி இருந்தது. உலர்ந்த இடம் என்றால் எத்தனை சதவீத ஈரப்பதம் என்று தாளில் இல்லை. என்னைக் காப்பாற்றியது, குளியலறைச் சுவரின் படத்தோடு அவரே அனுப்பிய அளவுக் குறிப்பு. பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. கூலி முழுதும், பொருளில் பாதியும் திரும்ப வந்தன.

திரும்ப வராதது சுவர். ஓட்டைக் கழற்றினால் உப்பும் போய்விடும் என்று நினைத்தேன். பூச்சு அதைக் குடித்து வைத்திருந்தது. ஈரத்தில் கரைந்து, உலரும்போது பூச்சுக்குள்ளேயே படிகமாகி, அது விரியும் அழுத்தத்தில் பூச்சைப் பொரிந்து உதிரவைத்தது. மேலே அடித்த பெயிண்ட் இரண்டு முறை உரிந்தது. கடைசியில் செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். சுவரின் ஒரு ஓரம் கான்கிரீட் தூண். அதுதான் எனக்குப் பெரிய பயம். குளோரைடு கம்பியைத் தொட்டால் அதன் காப்புப் படலத்தை உடைத்துக் குழிகுழியாக அரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டைக் கடல் நீரில் குழைக்கக் கூடாது என்பது இதனால்தான். பொறியாளரை அழைத்துச் சோதித்ததில் கம்பிவரை இறங்கவில்லை. கழிவைத் தோட்டத்தில் கொட்ட இருந்த ஆட்களையும் கடைசி நிமிடத்தில் நிறுத்தினேன், கொட்டியிருந்தால் அந்த மண்ணில் புல்கூட முளைத்திருக்காது.

இதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், தண்ணீர் தொடாத முறையைக் கேளுங்கள். குளியலறை, சமையலறை, வெளிச்சுவர் இவற்றோடு ஒட்டாத சுவர். அதன்மேல் ஈரம் ஏறாத பலகை. அதில் அலுமினியச் சட்டம், அல்லது தண்ணீர் கலக்காத சிலிகான், எபாக்சி வகைப் பசை. கிரவுட்டே கூடாது. அறுப்பது உலர மட்டும். விளக்கு 12 வோல்ட், நீர் புகாத உறை போட்ட பட்டி, அதன் மின்மாற்றி சுவரை விட்டுத் தள்ளி. ஓடுகளைத் தனித்தனியாகக் கழற்ற முடிய வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு ஈரப்பதமானியை அந்த இடத்தில் மழை நாள் ஒன்றில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். எங்கள் ஹாலில் ஏ.சி. இல்லாமல் விடியற்காலையில் 83 காட்டுகிறது. அதைவிட எளிது, ஒரே ஒரு ஓட்டை வாங்கி அந்த இடத்தில் தட்டில் வைத்து ஒரு மாதம் விட்டுவிடுவது. அதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

முதல் நாள் மாலை எடுத்த படத்தை அந்தக் கடை இன்னும் தன் விளம்பரத்தில் வைத்திருக்கிறது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். தணல் நிறத்தில் ஒளிரும் சுவர், கீழே இடது மூலையில் சட்டகத்துக்குள் பாதி வந்த ஒரு கறுப்பு நாயின் வால். அந்தப் படத்தை யாராவது உங்களிடம் காட்டினால், அது எங்கள் வீடு. அந்தச் சுவரில் இப்போது வெள்ளைப் பெயிண்ட்தான் இருக்கிறது.