‘போர்டு போயிடுச்சு’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்: சர்வீஸ் கடையில் எனக்கு நடந்தது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டில் சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு 4,800 ரூபாயும் ஒரு ஜோடி ராமும் (கம்ப்யூட்டர் ஓடும்போது தகவலை வைத்துக்கொள்ளும் மெமரி அட்டை) போயிற்று. பென்சில் அழிக்கும் ரப்பரால் பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு அது. அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். 2022 ஜூனில் என் தம்பி பெங்களூரிலிருந்து வந்து, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து மாட்டிக் கொடுத்த சிஸ்டம் என்னுடையது. ரைசன் 5 5600 பிராசஸர், மற்ற பாகங்களெல்லாம் சொருகும் பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினட். எந்த ராம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மறக்காமல் இருக்க, என் மகள் தன் நெயில் பாலிஷை எடுத்துவந்து ஒன்றின் ஓரத்தில் ஒரு புள்ளியும் மற்றதில் இரண்டு புள்ளியும் வைத்தாள். ராமின் சூட்டைத் தணிக்கும் கறுப்புத் தகடான ஹீட் சிங்க் மேல் ரோஸ் நிறப் புள்ளி, கண்ணாடி வழியாகவே தெரியும். இரண்டரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மழையும் அதன் பின்னாலேயே வந்த தென்பெண்ணை வெள்ளமும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் போய்ப் போய் வந்ததால் ஒரு வாரம் சிஸ்டத்தைத் தொடவில்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. எட்டாம் நாள் பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதேதான்.

கண்ணாடி வழியாக முப்பது விநாடி வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு அந்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட், பார்க்கவில்லை. எனக்குக் காத்திருக்க நேரமில்லை. கார்த்திகை முகூர்த்த ஆல்பங்கள் ஆறு பாக்கி, எல்லாரும் பொங்கலுக்குள் கேட்கிறார்கள். கடலூரில் எனக்குத் தெரிந்த கடையில், “வெள்ளத்துல நனைஞ்ச மெஷினே நிறைய கெடக்குது மேடம், பத்து நாள் ஆகும்” என்றார்கள். உள்ளதைச் சொன்னார்கள், அவர்கள்மேல் குறையில்லை. நான்தான் அவசரப்பட்டு, பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் சிஸ்டத்தைப் போர்வையில் சுற்றி வைத்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் தெருவையும் இங்கே எழுதவில்லை.

கடையில் பையன் ஒருவன் வாங்கி ஓரமாக வைத்தான். பிளக் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘சிபியு 1. டிஸ்ப்ளே இல்லை.’ நம் ஊரில் முழுப் பெட்டிக்கும் சிபியு என்றுதான் பெயர். ஆக, அந்தச் சீட்டுப்படி நான் கொடுத்தது ஒரு பெட்டி. உள்ளே என்ன ராம், எத்தனை ஜிபி, என்ன கார்டு என்று ஒரு எழுத்து கிடையாது. அதை வாங்கி பர்சில் மடித்து வைத்துக்கொண்டு வந்தேன். நான் செய்த முதல் தப்பு அது.

மூன்றாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது.

“அக்கா, போர்டு போயிடுச்சு. பவர் ஐசி ஷார்ட். புது போர்டுன்னா பன்னெண்டாயிரம் ஆவும். நம்மகிட்ட சிப் லெவல் சர்வீஸ் இருக்கு, 4,800 குடுத்தா முடிச்சுடலாம்.”

“மழையாலயா தம்பி?”

“ஆமாக்கா, இந்தச் சீசன்ல எல்லாம் அப்படித்தான்.”

போர்டில் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் சிப் கெட்டுவிட்டது, அதை மட்டும் மாற்றித் தருகிறோம் என்கிறார். போர்டு வாங்கி மூன்று வருடம் ஆகவில்லை, வாரண்டி 2025 ஜூன் வரை இருந்தது. அவரும் கேட்கவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. சரி, செய்யுங்கள் என்றேன். போய் வாங்கும்போது பில் கேட்டதற்கு, “பில்லுன்னா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும்கா, எதுக்கு?” என்றார். ஜிபேயில் 4,800 போட்டுவிட்டு எடுத்துவந்தேன். கடையிலேயே ஆன் செய்து விண்டோஸ் வரும்வரை காட்டினார்கள். அதற்குமேல் என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சிஸ்டம் மந்தம். நாற்பது பக்க ஆல்பத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்தால் முன்பு டம்ளரில் தண்ணீர் குடித்து வைப்பதற்குள் வந்துவிடும், இப்போது போய் உலை வைத்துவிட்டு வரலாம் போலிருந்தது. ரிப்பேர் ஆன போர்டு இப்படித்தான் இருக்கும்போல என்று சகித்துக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை மறுபடியும் அதே கறுப்புத் திரை.

அன்று நல்லவேளையாகத் தம்பி வீட்டில் இருந்தான். வீடியோ காலில் வந்தான். முதலில் மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டான். என்னுடைய 5600 சிப்பில் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் மாட்டினால் படமே வராது, கீழே கிராபிக்ஸ் கார்டில்தான் மாட்ட வேண்டும். அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம், “அக்கா, பெரிய 24 பின் கேபிள் போர்டுல சொருகியிருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல பொடிசா நாலு லைட்டு இருக்கும். எது நிக்குதுன்னு பாரு” என்றான்.

கண்ணாடியைக் கழற்றி, கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கடுகளவு விளக்குகள். பக்கத்தில் சிபியு (இங்கே பெட்டி இல்லை, பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று எழுத்து. ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எந்த இடத்தில் கோளாறோ அந்த விளக்கு அணையாமல் நின்றுவிடும். எனக்கு டிராம் நின்றது. அதாவது ராம் சரியாகத் தெரியவில்லை என்று போர்டே சொல்கிறது. எல்லா போர்டிலும் இந்த விளக்கு இருக்காது. சிலவற்றில் பீப் ஒலி, சிலவற்றில் எண் காட்டும். உங்கள் போர்டில் என்ன இருக்கிறது என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்குவதற்காகப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னான். கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு ராமின் முனையில் இருக்கும் கிளிப்பை விலக்கச் சொன்னான். டப்பென்று விடுபட்டது. கையில் எடுத்தேன்.

பச்சை நிறத்தில் வெறும் அட்டை மாதிரி இருந்தது. கறுப்பு ஹீட் சிங்க் இல்லை. புள்ளி இல்லை. அடுத்ததையும் எடுத்தேன், அதுவும் அப்படியே. ஸ்டிக்கரில் 4 ஜிபி என்று இருந்தது. மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று, “அம்மா, இது நம்மளோடது இல்லம்மா” என்றாள். கை நடுங்கியதில் போனைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணாடி போட்ட கேபினட், இரண்டு வாரமாக என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேசைக்கடியில் வைத்திருந்ததால் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

தம்பி கத்தவில்லை. முதலில் மெஷினை எழுப்பலாம் என்றான். அந்தப் பச்சை ராமின் தங்க நிறப் பற்களில் ஒரு மங்கல் படிந்திருந்தது. மகளின் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷால் தட்டினேன். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஒன்றை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணி வரும் இரண்டாவது ஸ்லாட்டில், கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்திச் சொருகினேன். ஆன் செய்ததும் ஒரு முறை தானாக அணைந்து எழுந்தது, பதற வேண்டாம், ராமை அது பழகிக்கொள்கிறது என்றான். ஒரு நிமிடத்துக்குள் டிராம் விளக்கு அணைந்து, திரை வந்துவிட்டது. அப்புறம் அடுத்ததையும் சுத்தம் செய்து நான்காவது ஸ்லாட்டில் போட்டேன்.

அதன் பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறக்கச் சொன்னான். மொத்தம் 8 ஜிபி, வேகம் 2400. நான் கொடுத்தது 16 ஜிபி, 3200. சிபியு-இசட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் எஸ்பிடி பக்கத்தில் ராம் தயாரான வருடம் 2017 என்று காட்டியது. 2022இல் புதிதாக வாங்கியதை விட்டுவிட்டு எவருடைய பழைய மெஷினிலிருந்தோ பிடுங்கியதை மாட்டித் தந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இது எனக்கு இன்னும் வலித்தது. முதல் நாள் நான் அனுப்பிய வீடியோவைத் தம்பி அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தான். அதிலும் டிராம் விளக்குதான் நிலையாக எரிகிறது. பக்கத்திலேயே ரோஸ் புள்ளிகளும் தெரிகின்றன. பவர் ஐசி ஷார்ட் ஆகியிருந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள உடனே கட் ஆகிவிடும், ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றுவிடும், இப்படி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்காது என்றான். பொங்கலுக்கு வந்தபோது போர்டின் திருகாணிகளை டார்ச் அடித்துக் காட்டினான். ஒவ்வொன்றின் தலைப் பள்ளத்திலும் இரண்டு வருடத் தூசி அப்படியே அடைந்திருந்தது. போர்டைக் கழற்றித் திருப்பாமல் ஐசி மாற்ற முடியாது. ஸ்க்ரூ டிரைவர் படவே இல்லை. சிப் லெவல் சர்வீஸ் என்று எதுவும் நடக்கவில்லை. கடல்காற்றும் ஓதமும் சேர்ந்து ராமின் பற்களில் மங்கலேறியிருந்தது, அவ்வளவுதான்.

கடைக்குப் போனோம். முதலாளி, “நாங்க ராமைத் தொடவே இல்லக்கா” என்றார். வீடியோவைக் காட்டினேன். தேதி, புள்ளி எல்லாம் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பையன் மாத்தி மாட்டியிருப்பான், அவன் இப்ப வேலையில இல்ல” என்றார். ஆயிரம் ரூபாய் எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. ஐசி எதை மாற்றினீர்கள், கழற்றிய ஐசியைக் காட்டுங்கள் என்று தம்பி கேட்டதற்குப் பதிலே இல்லை.

இதில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கிய பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசி, சீட்டு, ஜிபே ரசீது, வீடியோ மூன்றையும் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறேன். கடைக்காரர் இறங்கி வராவிட்டால் ஆணையம்தான்.

உங்கள் மெஷின் ஆன் ஆகவில்லை என்றால், கடைக்குத் தூக்குவதற்கு முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். சத்தமே இல்லாமல் செத்துக் கிடந்தால், சுவர் சாக்கெட்டில் வேறு எதையாவது போட்டுப் பாருங்கள், பவர் சப்ளையின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு அணைந்திருப்பது ரொம்பச் சாதாரணம். போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்குப் போகும் 8 பின் கேபிள் லேசாக எழும்பியிருந்தாலும் திரை வராது. ஃபேன் சுற்றித் திரை வராவிட்டால் விளக்கைப் பாருங்கள், ராமைப் பாருங்கள். பவர் சப்ளை டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் தேங்கியிருக்கும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைக்காரர் முன்னாலேயே கண்ணாடியைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள், சீரியல் எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் பெட்டியை வைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே போகலாம், திரை வருகிறதா என்று பார்க்க அது தேவையில்லை. என் எஸ்எஸ்டி தப்பியது என் அதிர்ஷ்டம், அதில் ஊரார் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் இருந்தன.

ஆல்பங்களை 8 ஜிபியிலேயே ராத்திரி கண் விழித்து முடித்துக் கொடுத்தேன். இப்போது புது ராம் வாங்கிப் போட்டாயிற்று, மகள் இந்த முறை புள்ளிக்குப் பதில் தன் பெயரின் முதலெழுத்தையே எழுதியிருக்கிறாள்.

பழைய ராம் வாங்குகிற, விற்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 8 ஜிபி ஜோடி, டிடிஆர்4, 3200, கறுப்பு ஹீட் சிங்க், ஓரத்தில் ரோஸ் நெயில் பாலிஷ், ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு. புதுச்சேரியிலோ கடலூரிலோ உங்கள் கைக்கு வந்தால், யார் விற்றார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.