மெட்டல் பாலிஷ் கிரீம், பேஸ் கிட்டார்ல போட்டுப் பார்த்தாச்சு

நாலு வருஷமா துடைக்காம விட்ட பேஸ், கம்பியெல்லாம் வந்து உட்கார்ற உலோக பிரிட்ஜ் பூரா மங்கிப்போய் கறுப்பு படிஞ்சிருந்துச்சு, சரி ஒரு டியூப் பாலிஷ் வாங்கித்தான் பார்ப்போமேன்னு வாங்கினேன். நிக்கல் பூச்சுல செமையா வேலை செய்யுது. பழைய பனியன் துணில பட்டாணி அளவு எடுத்து தேய்ச்சா துணி கன்னங்கரேல்னு ஆகுது, அடியில பளபளன்னு வருது, கம்பிய முறுக்குற ட்யூனர் பின்பக்கத்துல என் மூஞ்சியே தெரிஞ்சுது. ஆனா குரோம்ல புள்ளி புள்ளியா துரு குழி விழுந்த இடம் அப்படியேதான் இருக்கு, பூச்சே போனப்புறம் எந்த பாலிஷ் என்ன பண்ணும். பிரிட்ஜ்ல கம்பி உயரத்த சரி பண்ற குட்டி சேடில் ஸ்க்ரூவுக்கு இது சுத்த வேஸ்ட், இடுக்குல வெள்ளையா காஞ்சு ஒட்டிக்குது, டூத்பிரஷ் வெச்சு நோண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போச்சு, கடைசில கழட்டி எண்ணெயில ஊற வெச்சதுதான் சரியா வந்துச்சு. கோல்ட் பூச்சுல மட்டும் தொட்டுடாதீங்க, ரொம்ப மெல்லிசு, நான் ஒரு நாப்ல ஆசையா தேய்ச்சு இப்ப அடியில வெள்ளி நிறம் எட்டிப் பார்க்குது. தேய்க்க ஸ்டீல் உல் (மெல்லிசு இரும்பு நார்) யூஸ் பண்றவங்க, கம்பிக்கு அடியில சத்தத்த பிடிக்கிற பிக்கப்ப டேப் போட்டு மூடிடுங்க, அதுல இருக்கற காந்தம் இரும்புத் தூளையெல்லாம் இழுத்துக்கும். பாதி டியூப் இன்னும் மிச்சம் இருக்கு, அடுத்து கேபிள் சொருகுற இடத்துல இருக்கற ஜாக் பிளேட்.