நூலக அரங்கா, அரண்மனைச் சுவரா?

ராமநாதபுரத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: நூலகத்தில் அமர்ந்து ஒரு நூலைப் பேசித் தீர்ப்பது, அல்லது படித்த கையோடு அருங்காட்சியகத்துக்குக் கிளம்புவது.

நூலகக் கூட்டத்துக்குச் செலவில்லை. அதிகம் நடக்க முடியாத முதியவர்களும் வரலாம். ஒரே பத்தியை மறுபடி மறுபடி வாசித்து வாதாடவும் நேரம் கிடைக்கும்.

ஆனால் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களைப் பற்றிப் படிக்கும் மாதத்தில் நான் இராமலிங்க விலாசம் அரண்மனையையே தேர்ந்தெடுப்பேன். அங்குள்ள 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் இராமாயணக் காட்சிகளோடு தஞ்சை மராட்டியருடன் நடந்த போரும், சேதுபதி ஐரோப்பியரைச் சந்திப்பதும் தீட்டப்பட்டிருக்கின்றன. புத்தகத்தில் வெறும் பெயராக இருந்த மன்னர் என்ன உடுத்தினார், எப்படி அமர்ந்தார் என்று கண்ணால் பார்க்கலாம். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள்கூட அங்கே கேள்வி கேட்பார்கள். இளைஞர்களை வட்டத்துக்குள் இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அழகன்குளத்துக்கு இது பொருந்தாது. ரோமானியக் காசுகள் கிடைத்த பழந்துறைமுகம் அது. ஆனால் அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டால் வெறும் மண்மேடுதான் தெரியும். அகழாய்வு அறிக்கையை நூலகத்தில் படித்துவிட்டுப் போங்கள். தனுஷ்கோடிக்கும் அப்படியே: 1964 புயலைப் பற்றி ஊர்ப் பெரியவர்களை நூலகத்துக்கு அழைத்துப் பேசவைத்த பிறகு, இடிந்த தேவாலயத்தைப் பார்க்கலாம்.